பீச்சாங்கைப் பக்கத்து ரத்தம்

வேலப்பன்சாவடிப் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் கல்லூரிகளில் ஒன்றில் என் மகள் பிசியோதெரபி படிக்கிறாள். முதலாண்டில் அனாடமியில் தோற்றுப்போனாள். தோற்றது கூடப் பெரிய விஷயமில்லை, அவள் வகுப்பில் பலருக்கும் அதே கதிதான். துணைத்தேர்விலும் தோற்றால்தான் சிக்கல். இரண்டாம் ஆண்டுக்கு விட மாட்டார்கள். கூடப் படித்தவர்கள் மேலே போய்விடுவார்கள். இவள் ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு, புதிதாக வரும் ஜூனியர் பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டும். அவள் இதைப் பற்றி அழவில்லை, புலம்பவில்லை. ஆனால் ஜூனியர் என்ற சொல்லை யாராவது சொன்னால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கல்லூரியில் வி.ஆர். என்கிற மெய்நிகர்க் காட்சிப் பெட்டி வந்து இறங்கியது.

பெற்றோர் கூட்டத்துக்கு வரச்சொல்லி வாட்ஸப்பில் செய்தி வந்தது. நானும் என் கணவரும் போனோம். ஒரு வகுப்பறையைக் காலி செய்து, கம்பளம் விரித்து, நீல விளக்குப் போட்டிருந்தார்கள். தாளாளரின் மனைவி பட்டுப்புடவையில் வந்து குத்துவிளக்கு ஏற்றினார். கழுத்தில் டை கட்டிய ஓர் இளைஞர், வி.ஆர். பெட்டிகளைக் கொடுத்த நிறுவனத்தின் பயிற்சியாளர், மைக்கைப் பிடித்தார். எழுத்தில் படித்ததை மனிதன் மறந்துவிடுவான், ஆனால் நடந்துபோன இடத்தை மறக்க மாட்டான் என்றார். அதனால் பிள்ளைகள் இனிமேல் பாடத்தைப் படிக்கப்போவதில்லை, பாடத்துக்குள் நடக்கப்போகிறார்கள். தலையில் இந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டால் உள்ளே ஒரு மாளிகை இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒரு எலும்பை, ஒரு நரம்பை வைத்துவிட்டு வர வேண்டும். தேர்வில் கண்ணை மூடி அந்த மாளிகைக்குள் போய் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அவ்வளவுதான் என்றார். மருத்துவம் இத்தனை சுலபம் என்று தெரியாமல் உலகம் இவ்வளவு காலம் கஷ்டப்பட்டிருக்கிறது.

பெற்றோரில் யாராவது ஒருவர் மாட்டிப் பார்க்கலாம் என்று அவர் சொன்னதும் என் கணவர் என் முதுகைத் தள்ளிவிட்டார். மாட்டினேன். யாரோ முன்பு மாட்டியவரின் தேங்காய் எண்ணெய் வாடை முதலில் வந்தது. பிறகு மாளிகை வந்தது. சுவருக்குள் விறகு எரிந்தது. அதற்கு மேல் கொம்போடு ஒரு மானின் தலை. பக்கத்தில் பியானோ. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. பருத்திப்பட்டில், ஆவடியில், பூந்தமல்லியில் இருந்து வந்து, வெயிலில் பஸ்ஸுக்கு நின்று கறுத்த பிள்ளைகள் இந்த வீட்டில் நடந்துதான் முழங்கை நரம்பை நினைவில் வைக்க வேண்டுமாம். எனக்குத் தலை சுற்றியது. கழற்றிக் கொடுத்தேன். "முதல் தடவை அப்படித்தான் இருக்கும் மேடம்" என்றார் பயிற்சியாளர், ஏதோ நான் அவரிடம் இரண்டாம் தடவை கேட்டுவிட்டதுபோல.

இடம் மறக்காது என்பதில் எனக்குச் சண்டையில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். எந்த ரேக்கில் எந்த போல்ட் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அது தினமும் அந்த போல்ட்டுக்காக அங்கே போய் வந்ததால் தெரிந்தது. மான் கொம்பில் மாட்டிவைத்ததால் அல்ல.

சில வாரங்களில் என் மகள் அந்த மாளிகையைக் கரைத்துக் குடித்துவிட்டாள். மூன்றாவது அறையின் திரைச்சீலை என்ன நிறம் என்றால் பட்டென்று சொல்வாள். அதன் விளிம்பில் குஞ்சம் உண்டா என்றாலும் சொல்வாள். அங்கே பியானோ மேல் எந்த நரம்பை வைத்தாய் என்று கேட்டால், ஒரு நிமிஷம் மம்மி என்று கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் படியேறிப் போவாள். போனவள் லேசில் திரும்ப மாட்டாள். வகுப்புத் தேர்வொன்றில் பாதிப் பிள்ளைகள் இப்படிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, மேற்பார்வைக்கு வந்தவர் இது ஜெபக் கூட்டமா பரீட்சையா என்று கேட்டாராம்.

என் கணவர் ஆவடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். புதிதாக எந்த இயந்திரத்தைக் கண்டாலும் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். கல்லூரியில் வாரத்துக்கு ஒருமுறைதான் அந்தப் பெட்டி மாட்ட முறை வருகிறது என்று மகள் சொன்னதும், செல்போனை உள்ளே செருகி மாட்டிக்கொள்ளும் மலிவான பெட்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். எங்கள் வீட்டு ஹால் கட்டில், பீரோ, தையல் மிஷின் போக மீதி இருக்கும் இடம்தான். அதில் மகள் மாளிகையின் தாழ்வாரத்தில் நடப்பதாக நினைத்துக்கொண்டு கை நீட்டி நடப்பாள். இவர் கோழிக்குஞ்சைப் பிடிக்கப் போகிறவர்போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே போவார். அப்படித்தான் காவல் காத்தார். ஆனாலும் அவள் முழங்கால் கட்டிலில் இடித்து வீங்கியது. பிசியோதெரபி படிக்கிற பெண் தன் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த எலும்பில் இடித்தாய் என்று கேட்டேன். கண்ணை மூடினாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஒன்று மட்டும் அதில் எனக்கும் பிடித்திருந்தது. இதயத்துக்குள் போய் நிற்கும் பாடம். மகள் வற்புறுத்தி என்னைப் பார்க்க வைத்தாள். சுற்றிலும் சதைச் சுவர் சுருங்கி விரிந்தது. தலைக்கு மேல் வால்வுகள் படபடவென்று திறந்து மூடின. அழகாகத்தான் இருந்தது. திருவிழா ராட்டினமும் அழகாகத்தான் இருக்கும். அதில் சுற்றிவிட்டு இறங்கியவனிடம் யாரும் கேள்வித்தாளை நீட்டுவதில்லை.

ராட்டினம் என்று நான் சும்மா சொல்லவில்லை. இதயத்துக்கு நடுவில் நிற்கிறவள் எந்தப் பக்கமும் திரும்பலாம். அப்படித் திரும்பினால் சற்றுமுன் இடது கைப்பக்கம் இருந்தது வலது கைப்பக்கம் வந்துவிடும். உடம்பைப் படிக்கிறவர்களுக்கு இடது என்றால் ஒன்றே ஒன்றுதான், அந்த உடம்புக்குச் சொந்தக்காரரின் இடது. பார்க்கிறவரின் இடது அல்ல. முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பெட்டியை மாட்டிக்கொண்டு இதயத்துக்குள் வளையவரும் பிள்ளைக்கு அந்தச் சொந்தக்காரர் எங்கே தெரியப்போகிறார்?

இதற்கு மேல் ஒன்று நடந்தது. அது எனக்குத் தெரியவந்தது அவளுடைய தோழியால்.

தோழி சென்னீர்குப்பத்துப் பெண். பூர்வீகமாக அங்கே நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். இப்போது அப்பா வாட்டர் கேன் போடுகிறார். இவள் முதல் தடவையிலேயே அனாடமியில் தேறிவிட்டாள். தேறிய கர்வம் கொஞ்சமும் இல்லாமல், ஆனால் கிண்டல் ஏகத்துக்கும் வைத்துக்கொண்டு, என் மகளுக்குக் கேள்வி கேட்டுச் சொல்லிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். நாங்கள் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து திரும்பும்போது வாசலில் நின்றுகொண்டிருப்பாள். அன்றும் அப்படித்தான் வந்தாள். நான் அடுப்படியில் கறி வெட்டிக்கொண்டிருந்தேன். ஹாலில் இருவரும் பேசுவது கேட்டது.

தோழி கேட்டது சின்னக் கேள்வி. உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வரும் அசுத்த ரத்தம் இதயத்தில் எந்தப் பக்கம் வந்து சேருகிறது?

"லெஃப்ட்" என்றாள் என் மகள், யோசிக்காமல்.

"இன்னாது?"

"லெஃப்ட்டுடி. லெஃப்ட் கதவு, பாத்ரூம்."

புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. பிறகு தோழி சொன்னாள்: "முடிஞ்சிச்சு மாமே. ரைட்டுடி அது. ஸ்கூல் புள்ளய கேட்டாகூட சொல்லும்."

நான் கத்தியோடு ஹாலுக்கு வந்தேன். அவள் சொன்னது சரிதான். அசுத்த ரத்தம் இதயத்தின் வலது பக்கத்துக்கு வரும். அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகி இடது பக்கத்துக்குத் திரும்பும். இடது பக்கம்தான் அதை உடம்புக்குத் தள்ளிவிடும். பள்ளிக்கூடத்தில் நானே படித்தது. என் மகளும் படித்து மதிப்பெண் வாங்கியதுதான். படித்ததை எப்படித் தொலைத்தாள் என்று கேட்டேன்.

தொலைக்கவில்லை, வைத்தாள் என்பது அப்புறம் புரிந்தது. இதயப் பாடத்துக்கென்று பயிற்சியாளர் ஒரு தாழ்வாரம் கொடுத்திருக்கிறார். இடதுபுறம் ஒரு கதவு, வலதுபுறம் ஒரு கதவு, இரண்டு அறையும் காலி. எதை எங்கே வைப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்யலாம். உங்களுக்கு எது இயல்பாகத் தோன்றுகிறதோ அங்கே வையுங்கள், உணர்ச்சியோடு வைத்தால் ஆயுசுக்கும் மறக்காது என்றிருக்கிறார். என் மகள் இடது அறையைக் கழிப்பறையாக்கி அதில் அசுத்த ரத்தத்தை விட்டாள். வலது அறையில் சாப்பாட்டு மேசை போட்டுச் சுத்த ரத்தத்தை வைத்தாள்.

"ஏன்டி லெஃப்ட்ல வச்சே?"

"பீச்சாங்கை பக்கம்தானே மம்மி அசுத்தம்?"

கத்தியைக் கீழே வைத்தேன். சோறு தின்கிற கை சோத்தாங்கை, கழுவுகிற கை பீச்சாங்கை. தவழ்கிற வயதிலிருந்து அவளுக்கு இதைத்தான் சொல்லி வளர்த்தோம். பிஸ்கட்டை பீச்சாங்கையால் வாங்காதே. பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது பீச்சாங்கையை மேலே வைக்காதே. கொடுக்கிறதும் வாங்குகிறதும் சோத்தாங்கையால். இருபது வயது நெருங்கும் பெண்ணிடம் போய் எது உனக்கு இயல்பாகத் தோன்றுகிறது என்று ஒருவர் கேட்டால், அவள் வேறு எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

"இவ மட்டும் இல்ல ஆன்ட்டி. கிளாஸ்ல பாதிப் பேரு அப்டிதான் வச்சிகினு கீறாங்க" என்றாள் தோழி. "அந்த மிஷினுக்கு இன்னா தெரியும்? அது பேப்பர்ல தொடச்சிக்கிற ஊரு மிஷினு."

அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த விஷயம் அந்த நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் எங்கேயும் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

மகளைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய்ப் பயிற்சியாளரைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். பீச்சாங்கை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவரும் தமிழ்ப் பிள்ளைதான், திருநின்றவூர்ப் பக்கம். அவர் கையிலும் காபி டம்ளர் சோத்தாங்கையில்தான் இருந்தது. ஆனால் டை கட்டியபின் அவருக்கு அந்தக் கைகளுக்கெல்லாம் லெஃப்ட், ரைட் என்றுதான் பெயர். இது மென்பொருளின் தவறு இல்லை, பயனாளரின் தேர்வு என்றார். அறையை அழித்துவிட்டு மாற்றி வைத்தால் போதும் என்றார். அங்கேயே உட்கார வைத்து அழிக்கவும் செய்தார். அது நிமிஷத்தில் முடிந்த வேலை.

பெட்டியிலிருந்து அழிந்தது. மகளின் தலையிலிருந்து அழியவில்லை. அன்று பஸ்ஸில் வரும்போதே கேட்டுப் பார்த்தேன். லெஃப்ட் என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்து, ரைட் என்றாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் லெஃப்ட் என்றுதான் ஆரம்பித்தாள். மெட்ரோ வேலைக்காகப் பாதி அடைத்த சாலையில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "அழிச்சிட்டேன் மம்மி. ஆனா அந்தக் கதவுகிட்ட போனாலே வாடை அடிக்குது. நான் என்ன பண்ண?"

நினைவுக்கு உதவும் சாதனம் என்று விற்றார்கள். உதவியது. தப்பை ஆணி அடித்து மாட்டிக்கொடுத்தது. சரியானதை மறக்கிற பிள்ளையைத் திருத்தலாம். தப்பை மறக்கவே முடியாதபடி படித்த பிள்ளையை என்ன செய்வது என்று அந்த வழவழப்பான புத்தகத்தில் போடவில்லை. வீட்டில் என் கணவர் மட்டும், எல்லாவற்றையும் ரீசெட் பண்ணிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரை ரீசெட் பண்ணுவது என்று கேட்டேன். அவர் கடை திறக்கப் போய்விட்டார்.

தேர்வு நெருங்கியது. எழுத்துத் தேர்வைவிட வாய்மொழித் தேர்வுதான் பயம். வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருவார். தட்டில் இருக்கும் உறுப்பைக் கையில் கொடுத்துக் கேட்பார். அங்கே நாக்கைக் கடித்துக்கொள்ள நேரம் தர மாட்டார்கள். அடிப்படையையே மாற்றிச் சொல்லும் பிள்ளையிடம் இரண்டாவது கேள்வி கேட்காமலே அனுப்பிவிடும் ஆட்களும் உண்டாம். மகள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் என்னிடம், அடுத்த வருஷம் வேலைக்குப் போகட்டுமா, ஏதாவது கடையில் என்று கேட்டாள். படிப்பையே விட்டுவிடும் யோசனை அது. ஜூனியர்களோடு உட்காருவதைவிட அது பரவாயில்லை என்று முடிவுகட்டியிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோழி வந்தாள். கேள்வி கேட்டாள். மகள் மனசுக்குள் மறுபடியும் அந்த இடது கதவைத் திறந்தாள். தோழி என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள் பனியன் ஒண்ணு குடுங்க ஆன்ட்டி. புதுசு. பழசுல ஓட்ட கீது, அப்பறம் இவ இதயத்துல ஓட்டன்னு படிச்சிடுவா."

எதற்கென்று தெரியாமலே கொடுத்தேன். தோழி தரையில் செய்தித்தாளை விரித்து, பனியனை அதன்மேல் நீட்டி, அழியாத மை பேனாவால் முன்பக்கம் ஓர் இதயத்தை வரைந்தாள். காதலர் அட்டையில் வரும் இதயம் அல்ல. நான்கு அறையும் குழாய்களுமாக நிஜ இதயம். பனியனைப் போட்டுக்கொள்கிறவரின் வலது பக்கம் நீலம், இடது பக்கம் சிவப்பு. வால்வுகளின் பெயர்களை விளிம்பில் எழுதினாள். மை ஊறி முதுகுப் பக்கமும் இறங்கிவிட்டது. அதை என் மகளின் நைட்டிக்கு மேலேயே தலைவழியாக மாட்டிவிட்டாள். என் கணவரின் அளவு அது. முழங்கால்வரை தொங்கியது.

"நெஞ்சுல கைய வை. பீச்சாங்கை எங்க கீது?"

"இங்க."

"இன்னா கலரு?"

"செவப்பு."

"அப்ப பீச்சாங்கை பக்கம் இன்னா ரத்தம்?"

மகள் தயங்கினாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். "நல்ல ரத்தம்."

"ஒரே ஒரு எடத்துலதான் பீச்சாங்கைக்கு மரியாத. அத்தயும் புடுங்கிக்காதடி பாவி."

மகள் சிரித்தாள். தோற்றதிலிருந்து நான் அவளிடம் பார்க்காத சிரிப்பு. தோழி அத்தோடு விடவில்லை. பனியனைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டு பாயில் மல்லாந்து படுத்து, செத்துப்போனவள்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். தலைமாட்டில் நின்று சொல்லு, கால்மாட்டில் நின்று சொல்லு, இந்தப் பக்கம் வந்து சொல்லு என்று பிணமே உத்தரவு போட்டது. மகள் எங்கே நின்றாலும் முதலில் பிணத்தின் பீச்சாங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு பிறகு பேசினாள். கைக்குச் சொந்தக்காரர் கண்ணெதிரே படுத்திருந்தபோது அவளுக்கு ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் இருக்கும்போதெல்லாம் அவள் அந்தப் பனியனோடுதான் இருந்தாள். கூரியர்காரர் வந்தபோது அதோடே போய்க் கையெழுத்துப் போட்டாள். துவைத்து மாடியில் காயப்போட்டேன். கீழ்வீட்டு அக்கா, எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்தான், அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். திருஇருதய ஆண்டவருக்கு ஏதாவது பொருத்தனையா, வேண்டுதலா என்று கேட்டார். பரீட்சைக்கு என்றேன். நல்லது, ஆனால் நீல நிறம் எதற்கு என்றார். வலது பக்கம் அசுத்த ரத்தம் என்று நான் சொல்லப்போக, ஆண்டவருக்கு ஏது அசுத்தம் என்று அவர் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார். என் கணவர் வாங்கி வந்த பெட்டி பீரோவுக்கு மேலே ஏறியது. அவர் மட்டும் அவ்வப்போது அதைத் துடைத்து வைத்தார்.

வாய்மொழித் தேர்வன்று அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கல்லூரிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். தோழியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மகள் வெளியே வந்தபோது அவளுடைய வெள்ளைக் கோட்டின் மார்பில் பழுப்பாய்ப் பெரிய ஈரம். கிட்டே வந்ததும் மருந்து வாடை கண்ணை எரித்தது. நடந்ததை அங்கேயே நின்று சொன்னாள்.

தேர்வாளர் வயதான மனிதர். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர். இவளுக்கு முன் போன பெண்ணை அனுப்பிவிட்டு, தட்டிலிருந்த இதயத்தை எடுக்கச் சொன்னார். இவள் எடுத்தாள். கனமாக, வழுக்கலாக இருந்தது. எதிரே பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு. நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. மாளிகையின் இடது கதவு கண்ணுக்குள் வந்துவிட்டதாம். உடனே அந்தச் சொட்டுகிற இதயத்தைத் தன் மார்போடு வைத்து அணைத்துக்கொண்டாள், பனியனில் அது எங்கே இருந்ததோ அங்கே, அதே சாய்வில். உள்ளே இருந்த உதவியாளர் ஐயோ கோட்டு என்று சொல்லிவிட்டார்.

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா பண்ற?"

"உடம்புல எப்படி இருக்குமோ அப்படி வைக்கிறேன் சார்."

அசுத்த ரத்தம் எங்கே என்று அவர் கேட்டார். இவள் வலது கைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். சுத்த ரத்தம் எங்கே என்றார். இடது கையால் அழுத்தினாள். எந்தச் சுவர் தடிப்பு, ஏன் என்றார். இடது பக்கம், உடம்பு முழுக்கத் தள்ள வேண்டியது அதுதான் என்றாள். அதற்குப் பிறகு அவர் நிறையக் கேட்டார். சிலது தெரிந்தது, சிலது தெரியவில்லை. வைத்துவிட்டுப் போய்க் கோட்டை அலசு என்று கடைசியில் சொன்னாராம். அது நல்ல அறிகுறியா கெட்ட அறிகுறியா என்று மகளுக்குத் தெரியவில்லை. தோழி மட்டும், உன் செட்டோடதான்டி உக்காரப் போற, வாய மூடிகினு வா என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள். எல்லோரும் எங்களிடமிருந்து ஒரு சீட் தள்ளியே உட்கார்ந்தார்கள். அந்த வாடை அப்படி.

தேறிவிட்டாள். பெரிய மதிப்பெண் இல்லை, தேறினாள். என் கணவர் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தார்.

பிறகு ஒருநாள் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மகளோடு படிக்கும் பிள்ளையின் அம்மா ஒருவர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். கல்லூரி வாசலில் கட்டியிருந்த பெரிய பேனர். அதில் என் மகள், தலையில் அந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு, கையைக் காற்றில் நீட்டிக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிறாள். வி.ஆர். நினைவுப் பயிற்சியால் தடை தாண்டிய மாணவி என்று கீழே எழுதியிருந்தது. அவள் வந்ததும் கேட்டேன். கூப்பிட்டு நிற்கச் சொன்னார்கள், நின்றேன் என்றாள். பொய்க்குப் போய் நிற்பாயா என்றேன்.

"பாஸ் பண்ணிட்டேன்ல மம்மி. போட்டோ போட்டுக்கட்டும், எனக்கென்ன" என்றாள்.

கல்லூரி அதோடு நிற்கவில்லை. பெற்றோர் சார்பில் நான் கேமரா முன்னால் கொஞ்சம் பேச வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். இந்தத் தொழில்நுட்பம் என் மகளின் படிப்பை எப்படி மாற்றியது என்று சொன்னால் போதுமாம். எழுதிக் கொடுத்துவிடுவார்களாம், நான் பார்த்துப் படித்தால் போதுமாம். நானே சொல்கிறேன், ஆனால் பனியனைப் பற்றிச் சொல்வேன் என்றேன்.

"என்ன மேடம்?"

"பனியன். ஆம்பளைங்க போடுற பனியன். அதைக் கொண்டுவரட்டுமா, கேமராவுல காட்டணும்."

சாரிடம் கேட்டுவிட்டுத் திரும்ப அழைப்பதாகச் சொன்னார். அழைக்கவில்லை. என் கணவருக்கு இதில் என்மேல் வருத்தம். அவர் பேசியிருப்பாராம்.

மகள் இப்போது இரண்டாம் ஆண்டில், தன் செட்டோடு, அதே தோழிக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். நீல விளக்கு அறைக்குப் புதிதாகச் சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள் போகிறார்கள். அதே பயிற்சியாளர், அதே தாழ்வாரம், அதே இரண்டு கதவு. எது உங்களுக்கு இயல்பாகத் தோன்றுகிறதோ அங்கே வையுங்கள் என்று அதே வாக்கியம். பிள்ளைகள் வரிசையாகப் போய் இடது கதவைத் திறந்து அசுத்த ரத்தத்தைக் கொட்டிவிட்டு வருகிறார்களாம். தோழி வந்து சொல்லிச் சிரித்தாள்.

நீங்கள் யாராவது போய்ச் சொல்லலாமே என்று என் மகளிடம் கேட்டேன்.

அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். "ஜூனியர்ஸ்கிட்டல்லாம் நாங்க போய்ப் பேச மாட்டோம் மம்மி" என்றாள்.